'பரம்பரை' என்றொரு கட்டம்: தொழிற்கல்வித் திட்டங்களின் சான்றுகளை வாசித்தல்

1

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் தெருவில் எனக்குச் சித்தப்பா முறையாகிற ஒருவர் கொத்தனார். வயது அறுபதை நெருங்குகிறது. சில வருஷங்களுக்கு முன்பு ஏதோ கணக்கெடுப்புக்காக வந்த ஒரு பையன் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

'என்ன தொழில் செய்றீங்கய்யா?'

'கொத்தனாரு வேலை.'

'அதுக்குப் பயிற்சி எங்க எடுத்தீங்க?'

'பயிற்சின்னா?'

'ஐ.டி.ஐ., கோர்ஸு, அந்த மாதிரி. சர்ட்டிபிகேட் எதும் இருக்கா?'

'அதெல்லாம் ஏதுப்பா. எங்க மாமா கூடச் சித்தாளாப் போனேன். அவுகதான் கரண்டி புடிக்கக் கத்துக்குடுத்தாக.'

'சொந்த மாமாவா?'

'ஆமா. எங்க அம்மா கூடப் பொறந்தவுக.'

பையன் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். 'பரம்பரை' என்பதற்கான கட்டம் அது.

சித்தப்பாவின் அப்பா பண்ணையாள். அவருடைய அப்பாவும் பண்ணையாள். ஊரில் சாவு விழுந்தால் மேளம் அடிக்கப் போக வேண்டிய கட்டாயமும் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. மாமாதான் முதன்முதலில் 'இனிமே அடிக்க வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்குக் கட்டட வேலைக்குப் போனவர். அக்காள் மகனையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் கரண்டியைத் தொட்டதில்லை, ரசமட்டத்தைக் கண்ணால் பார்த்ததுமில்லை. பரம்பரையிலிருந்து தப்பித்து வந்த கதையைத்தான் அந்தப் பையன் 'பரம்பரை' என்று எழுதிக்கொண்டு போனான்.

குறை அந்தப் பையனிடம் இல்லை. அன்றைக்கு அவன் இன்னும் பத்து வீடு பார்த்தாக வேண்டும். தேசிய அளவில் நடக்கிற மாதிரிக் கணக்கெடுப்புகளில் தொழிற்பயிற்சி பற்றிய கேள்விக்கு விடைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கின்றன. முறையான பயிற்சி பெற்றவர், முறைசாராப் பயிற்சி பெற்றவர், பயிற்சியே பெறாதவர். முறைசாராததற்குள் நான்கு உட்பிரிவுகள்: பரம்பரை, தானே கற்றது, வேலையில் இருந்து கற்றது, பிற. மாமா சொல்லிக்கொடுத்தார் என்றதும் 'பரம்பரை' கண்ணில் படுகிறது. சித்தப்பா செய்ததற்கு, அதாவது குலத்தொழிலை மறுத்து இன்னொரு தொழிலைக் கற்றுக்கொண்டதற்கு, அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

இப்படிச் சேர்கிற கட்டங்கள்தாம் பின்னால் விழுக்காடாகின்றன. விழுக்காடு கொள்கையாகிறது. கொள்கை திட்டமாகி மறுபடியும் சித்தப்பா வீட்டுத் திண்ணைக்கே வந்து நிற்கிறது. இந்தச் சுற்றைத்தான் இன்றைக்குச் 'சான்று அடிப்படையிலான கொள்கை வகுத்தல்' என்கிறார்கள். இலக்கியப் பிரதிகளை வாசித்துப் பழகிய நாம் இந்தப் பிரதிகளையும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

2

இந்தச் சொற்றொடர் மருத்துவத்திலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் 'சான்று அடிப்படையிலான மருத்துவம்' என்ற பேச்சு வலுப்பெற்றது. பழக்கத்தாலோ மூத்த மருத்துவரின் வாக்காலோ அல்லாமல், சோதித்து அறிந்த முடிவுகளைக் கொண்டு சிகிச்சை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இதில் மறுக்க ஒன்றுமில்லை. 1997இல் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி இதை அரசின் மொழியாக்கியது. எது பயன் தருகிறதோ அதுவே முக்கியம், கோட்பாட்டுச் சண்டை வேண்டாம் என்ற தோரணையில் அது பேசப்பட்டது. பிறகு பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு கல்வித்துறைக்குள் அதைக் கொண்டுவந்து 2007இல் கல்வியில் சான்று பற்றியே ஒரு நூல் வெளியிட்டது. தொழிற்கல்விக்கு அது வருவதற்கு அதிக நாள் ஆகவில்லை. எத்தனை பேர் பயின்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, ஒரு ஆளுக்கு எவ்வளவு செலவு என்று எண்ணிப்பார்க்கத் தோதான துறை அல்லவா அது.

மருத்துவத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. காய்ச்சல் இறங்கியதா இல்லையா என்பதில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருப்பதில்லை. தொழிற்கல்வியில் எது நோய், எது குணம் என்பதே தகராறுக்குரிய விஷயம். குயவர் மகன் நல்ல குயவரானால் அது திட்டத்தின் வெற்றியா? குயவர் மகள் மின்பணியாளரானால் அது வெற்றியா? இந்தக் கேள்விக்கு விடை எந்த அட்டவணையிலும் இல்லை. அட்டவணை போடுவதற்கு முன்பே யாரோ எங்கேயோ விடை சொல்லி முடித்திருக்கிறார்கள்.

தமிழில் 'சான்று' என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. சான்று, சான்றோன், சான்றாண்மை, சான்றிதழ் எல்லாம் ஒரே குடும்பச் சொற்கள். புறநானூற்றின் 312ஆம் பாட்டைத் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். பொன்முடியார் பாடியது. தாய்க்கு ஒரு கடமை, தந்தைக்கு ஒரு கடமை, கொல்லனுக்கு, வேந்தனுக்கு, போர்க்களம் போகும் மகனுக்கு என்று கடமைகளைப் பங்கிட்டுத் தரும் பாட்டு. மகனைச் சான்றோனாக்குவது தந்தையின் பங்கு. கொல்லனின் பங்கு வேல் செய்து தருவது. எம்.ஏ. வகுப்பில் இதைப் பாடமாகக் கேட்ட நாள்களில் எனக்குத் தோன்றாத கேள்வி ஒன்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கொல்லனுக்கும் ஒரு மகன் இருந்திருப்பானே, அவனைச் சான்றோனாக்குவது யாருடைய கடன்? பாட்டில் அதற்கு இடமில்லை. கொல்லன் தன் வேலையோடு வருகிறான், அதோடு போய்விடுகிறான். அவன் எப்படிக் கற்றான், அவன் மகன் என்ன ஆவான் என்பதெல்லாம் கேட்க வேண்டியவையாகவே படவில்லை. கணக்கெடுப்புத் தாளின் 'பரம்பரை' என்ற கட்டத்துக்கும் இந்த மௌனத்துக்கும் தூரம் அதிகமில்லை.

3

இனிப் புள்ளிவிவரத்துக்கு வருவோம். 2015இல் வெளியான திறன் மேம்பாட்டுக்கான தேசியக் கொள்கையில் ஒரு புகழ்பெற்ற வாக்கியம் உண்டு. இந்தியாவின் மொத்தத் தொழிலாளர்களில் முறையான திறன் பயிற்சி பெற்றவர்கள் 4.69 விழுக்காடு மட்டுமே என்றும், பிரிட்டனில் இது 68, ஜெர்மனியில் 75, அமெரிக்காவில் 52, ஜப்பானில் 80, தென்கொரியாவில் 96 விழுக்காடு என்றும் அது சொல்கிறது. மேடைப் பேச்சுகளில், நாளிதழ்த் தலையங்கங்களில், பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களில் இந்த எண்களைப் பார்த்திருப்பீர்கள்.

2020இன் தேசியக் கல்விக் கொள்கையைப் புரட்டினால் அமெரிக்காவின் 52, ஜெர்மனியின் 75, தென்கொரியாவின் 96 மூன்றும் அப்படியே அங்கேயும் இருக்கின்றன. இந்தியாவின் எண்ணும் ஏறக்குறைய அதுதான், 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் யாரில் 5 விழுக்காடு என்பது மாறியிருக்கிறது. முதல் பிரதியில் 'மொத்தத் தொழிலாளர்கள்'. இரண்டாவதில் '19 முதல் 24 வயது வரையிலான தொழிலாளர்கள்'. அறுபது வயதுக் கொத்தனாரும் இருபது வயது இளைஞனும் ஒரே கூட்டமல்ல. அடியில் இருக்கிற கூட்டம் மாறுகிறது, மேலே இருக்கிற எண் அசையாமல் நிற்கிறது. ஒரு மாணவனின் ஆய்வேட்டில் இப்படி இருந்தால் வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவார். கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற பிரதியில் இது 'சான்று'.

எண் தப்பா சரியா என்ற தகராறைவிட அந்த எண் என்ன வேலை செய்கிறது என்பது முக்கியம். 4.69 என்பது முறையான பயிற்சி பெற்றவர்களின் அளவு. அந்த வாக்கியத்தை வாசித்து முடிக்கிறவர் மனதில் நிற்பதோ 'மற்ற 95 பேருக்கு வேலை தெரியாது' என்பது. வரப்பு வெட்டுகிறவர், நாற்று நடுகிறவர், தறி ஓட்டுகிறவர், சித்தப்பா எல்லோரும் ஒரே நொடியில் திறனற்றவர்களாகிறார்கள். திறன் இல்லாததால்தான் கூலி குறைவு என்ற முடிவு அடுத்ததாகத் தானே வந்துவிடுகிறது. கூலி ஏன் குறைவு என்ற கேள்விக்குச் சாதி, நிலவுடைமை, ஒப்பந்தமுறை என்று விடை சொல்ல வேண்டியிருந்தது ஒரு காலம். இப்போது அதற்கு ஒரே விடை 'திறன் இடைவெளி'. குற்றம் முதலாளியிடமிருந்து தொழிலாளியின் கைக்கு மாற்றப்பட்டாயிற்று.

ஜெர்மனியின் 75ஐ எடுத்துவந்தவர்கள் அதைத் தாங்கி நிற்கிற தூண்களை எடுத்துவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே தொழிற்பயிற்சிக்கென்று 1969இல் சட்டம் வந்தது. பாடத்திட்டத்தை முடிவு செய்யும் இடத்தில் அரசோடும் முதலாளிகளோடும் தொழிற்சங்கமும் உட்காருகிறது. பயிலுநருக்கான ஊதியம் பல துறைகளில் கூட்டுப்பேரத்தில் தீர்மானமாகிறது. இங்கே 1961ஆம் வருஷத்துப் பயிலுநர் சட்டம் என்ன சொல்கிறது? பயிலுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல, தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. சங்கம் இருக்கிற நாட்டின் விழுக்காட்டைக் காட்டிச் சங்கமில்லாத பயிற்சியை நியாயப்படுத்துவது என்ன ஒப்பீடு?

4

சான்றும் நிபுணர் குழுவும் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தின் அரசாங்கப் பெயர் 'மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்'. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் வகுப்பு. மிச்ச நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். வாதம் எளிமையானது: கட்டடம் போதாது, ஆசிரியர் போதாது, பணம் இல்லை. இரண்டு முறைகளாகப் பிரித்தால் அதே கட்டடத்தில் அதே ஆசிரியரைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம். இதைச் செலவுக்கணக்காக மட்டும் பார்த்தால் எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

பெரியார் எதிர்த்தார். தி.மு.க. 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்தை எதிர்ப்பது. அதே மாதம் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு வாக்குகள் 138க்கு 138 என்று சரிசமமாக விழுந்தன. நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு விட வேண்டும் என்ற தீர்மானம் 139க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறியது. பருலேகர் தலைமையில் குழு அமைந்தது. அந்தக் குழு என்ன சொன்னது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். திட்டம் நல்லதுதான் என்று சொன்னது. நிபுணர் சான்று ராஜாஜி பக்கம் இருந்தது. இருந்தும் 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், அந்த ஆண்டு மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இதை 'உணர்ச்சி அரசியல் அறிவை வென்றுவிட்டது' என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். திட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரில் 'குலம்' என்ற சொல் இல்லை. 'பெற்றோரின் தொழில்' என்பதுதான் பேச்சு. எவ்வளவு சாதுவான தொடர்! அதைக் 'குலக்கல்வி' என்று பெயர்த்து வைத்தவர்கள் எதிர்ப்பாளர்கள். இந்த நாட்டில் பெற்றோரின் தொழில் என்றால் குலத்தின் தொழில், தோட்டியின் பிள்ளைக்கு மிச்ச அரைநாளில் என்ன பாடம் காத்திருக்கிறது என்று அந்த ஒற்றைச் சொல் கேட்டுவிட்டது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்துவைப்பது என்று 1936இல் அம்பேத்கர் எழுதியதன் தமிழ்ச் சுருக்கம் அது. தமிழில் அரசுப் பிரதி ஒன்றின் மீது செய்யப்பட்ட ஆகச் சிறந்த விமர்சனம் ஒரே ஒரு சொல்லில் இருந்தது என்பேன். குழு எண்ணியது இடங்களையும் ஆசிரியர்களையும். எதிர்ப்பாளர்கள் கொண்டுவந்த சான்று வரலாறு. அது அட்டவணையில் அடங்காது என்பதால் சான்று இல்லையென்று ஆகிவிடாது.

ஆனால் ஜெயித்தவர்களையும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. 'யாருடைய மகன் இந்த வேலையைச் செய்ய வேண்டும்?' என்று திராவிட இயக்கம் கேட்டது. 'கை வேலை ஏன் இழிவாக இருக்கிறது?' என்பதை அதே வேகத்தோடு கேட்கவில்லை. 1978இல் மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான குழு மேல்நிலைக் கல்வியைத் தொழில்சார்ந்ததாக்குவது பற்றி அறிக்கை தந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்பிரிவும் சேர்ந்தே வந்தது. அதில் போய் உட்கார்ந்தது யார்? மதிப்பெண் குறைந்தவர்கள், 'உனக்கு இது போதும்ப்பா' என்று சொல்லப்பட்டவர்கள். ஆசிரியர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுப் பிரிவே தானாக மூடிக்கொண்ட பள்ளிகள் பல. குலத்தொழிலை ஒழித்தோம், சரி. தொழிலுக்கு மதிப்பு கொடுத்தோமா?

5

எழுபது வருஷம் கழித்து அதே வாதம் திரும்பி வந்தது. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு 'பி.எம். விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. மதிப்பீடு 13,000 கோடி ரூபாய். தச்சர், கொல்லர், குயவர், முடிதிருத்துநர், சலவையாளர், செருப்புத் தைப்பவர், கொத்தனார் என 18 தொழில்கள். பயிற்சி நாள்களுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், 5 விழுக்காட்டு வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடன். குரு-சிஷ்யப் பரம்பரையையும் குடும்பவழித் தொழிலையும் வலுப்படுத்துவது நோக்கம் என்று அறிவிப்பிலேயே சொல்லப்பட்டது. குறைந்தபட்ச வயது 18.

1953இல் 'பெற்றோரின் தொழில்', 2023இல் 'குடும்பவழித் தொழில்'. எழுபது வருஷத்தில் பிரதி பெரிதாக மாறவில்லை.

தமிழ்நாட்டின் பதில் கவனத்துக்குரியது. மாநில அரசு ஒரு குழு அமைத்துத் திட்டத்தை ஆராய்ந்தது. குடும்பம் வழிவழியாக அத்தொழிலில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 35 ஆக்க வேண்டும், கிராமங்களில் சரிபார்க்கும் பொறுப்பை ஊராட்சித் தலைவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டது. ஒன்றிய அரசின் பதிலில் இந்தத் திருத்தங்கள் பற்றிப் பேச்சில்லை. 2024 நவம்பரில் முதலமைச்சர் என்ற முறையில் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், இப்போதிருக்கும் வடிவில் இதைச் செயல்படுத்த மாட்டோம் என்று சொன்னார். 2025 ஏப்ரலில் 'கலைஞர் கைவினைத் திட்டம்' தொடங்கியது. 25 தொழில்கள், 35 வயது, குடும்பத்தொழில் நிபந்தனை கிடையாது.

35 என்ற எண் வெறும் நிர்வாக விவரமாகத் தெரியலாம். அதற்குள் ஒரு வாசிப்பு இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையனுக்கு முன்னால் இரண்டு கதவு: ஒன்று கல்லூரி, மற்றது ஒரு லட்சம் ரூபாய்க் கடனும் கருவிப்பெட்டியும். கடன்கட்டி நிற்கிற வீட்டில் அப்பா எந்தக் கதவைக் காட்டுவார்? முப்பத்தைந்து வயதுக்காரர் ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவர். அவருக்குக் கொடுப்பது உதவி, பதினெட்டுக்குக் கொடுப்பது வலை. திட்டம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எண்ணினால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பதினெட்டு வயதுக்காரர்கள் அதிகம் சேர்ந்தால் அது 'இளைஞர்களிடையே வரவேற்பு' என்று அறிக்கையில் ஏறும்.

இதோடு நாம் கைதட்டிவிட்டு எழுந்து போக முடியாது. நிபந்தனையை எடுத்துவிட்டதால் மட்டும் சாதி வெளியேறிவிடுமா? முடிதிருத்தும் தொழிலுக்குக் கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் பிற சாதியினர்? சலவைக்கு எத்தனை பேர்? அந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் 'நாங்க சாதி பாக்குறதில்லைங்க' என்று பதில் வரும். பார்க்காமல் இருப்பது சமத்துவம் அல்ல. கழிவுநீர்ப் பாதைகளிலும் மலக்குழிகளிலும் வேலை செய்பவர்களைப் பதிவு செய்தபோது சாதியையும் கேட்டார்கள். 2024இல் வெளிவந்த விவரப்படி பதிவான சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். கேட்டதால் தெரிந்தது. சமையல்கலைப் பயிற்சியில் யார், துப்புரவுப் பயிற்சியில் யார், குளிரூட்டி பழுதுபார்ப்பதில் யார் என்று கேட்டால் என்ன தெரியும்? 'சான்று அடிப்படை' என்று நாளெல்லாம் பேசுகிறவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் ஏன் சான்றுக்குப் பயப்படுகிறார்கள்?

6

சான்று கேட்கிற அரசு தன்னுடைய சான்றை எப்படி வைத்திருக்கிறது? 2009ஆம் வருஷக் கொள்கை 2022க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்று இலக்கு வைத்தது. 2015இன் கொள்கையில் அது சுமார் 40 கோடி ஆனது. அந்த ஆண்டுதான் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டமும் வந்தது. கணக்குத் தணிக்கைத் துறை இதை ஆராய்ந்து தந்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. திட்டத்தின் இரண்டு கட்டங்களில் பதிவான 95 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் 94.53 விழுக்காட்டினரின் வங்கிக் கணக்கு விவரம் காலியாகவோ, பூச்சியமாகவோ, பொருந்தாததாகவோ இருந்ததாக அது சொல்கிறது. கணக்கு எண் என்ற இடத்தில் வரிசையாக ஒன்று ஒன்று என்று அடித்து வைத்திருந்த பதிவுகளும் இருந்தன. ஒரே புகைப்படம் வெவ்வேறு ஆள்களுக்கு, வெவ்வேறு இடங்களுக்குப் பயன்பட்டிருந்தது.

4.69 எவ்வளவு துல்லியம்! இரண்டு தசம இடம். 94.53உம் அதே துல்லியம்தான். முதல் எண் மக்களுக்குத் திறன் இல்லை என்பதற்குச் சான்று. இரண்டாவது, அந்தக் குறையைப் போக்கச் செலவழித்த பணம் யாருக்குப் போனது என்பதற்குச் சான்று இல்லை என்பதன் சான்று. முதல் எண் பாடப்புத்தகம் வரை போகும். இரண்டாவது நாலு நாள் செய்தியோடு நிற்கும்.

இதே திட்டத்தில் 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று ஒரு பிரிவு உண்டு. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்குச் சில மணிநேர அறிமுக வகுப்பு நடத்திச் சோதித்துச் சான்றிதழ் தருவது. நோக்கத்தில் குறையில்லை, சித்தப்பா மாதிரி ஆள்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதைதான். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், ஏற்கெனவே வேலை தெரிந்த கொத்தனார் 'பயிற்சி பெற்றவர்' என்ற கணக்கில் ஏறுகிறார். நேற்றுவரை திறனற்றவர், இன்றைக்குத் திறனாளி. கையில் எதுவும் மாறவில்லை, கூலியும் மாறவில்லை, மாறியது தாள் மட்டும்தான். 'இந்தத் தாளக் காட்டுனா மேஸ்திரி அம்பது ரூவா கூடக் குடுப்பாரா?' என்று சித்தப்பா கேட்டார். சான்றிதழ்களை எண்ணுகிறவர்களிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எண்ண வேண்டியது அந்த ஐம்பது ரூபாயைத்தான்.

7

இந்த மாவட்டத்துக்கு வேறொரு அனுபவமும் உண்டு. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலாராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்தறிவு இயக்கத்துக்குள் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் சேர்ந்தது. 1992இல் நடந்த பொதுக் காட்சிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக்காட்டினார்கள் என்று பி. சாயிநாத் எழுதியிருக்கிறார். அந்த இயக்கத்தின் அதிகாரபூர்வச் சான்று எழுத்தறிவு விழுக்காடு. எழுத்து மறந்துபோனவர்கள் உண்டு. சைக்கிள் மறக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தண்ணீர் எடுக்கவும், விளைந்ததை விற்கவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் போன பெண்களின் வாழ்க்கையில் நடந்ததை அளக்க எழுத்தறிவு அட்டவணையில் பத்தி இல்லை.

அதே காலத்தில் குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிகளில், கொத்தடிமைகள்போல் உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கல் உடைக்க அந்தப் பெண்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. கொடுக்க என்ன இருக்கிறது? அவர்களுக்கு இல்லாமல் இருந்தது குத்தகைப் பத்திரம் மட்டுமே. அது கைக்கு வந்ததும் வருமானம் உயர்ந்தது. நேற்றுவரை 'திறனற்ற' கூலிகளாக இருந்தவர்கள் கணக்கு வழக்கு பார்த்தார்கள். அந்தப் பெண்களுக்கு ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த நெருக்கடிகளைப் பற்றியும் சாயிநாத்தே எழுதியிருக்கிறார். இதில் பாடம் தெளிவாக இருக்கிறது. திறன் இடைவெளி என்று பேசப்படுவதில் பெரும்பகுதி உடைமை இடைவெளி. பயிற்சி மையம் திறப்பது சுலபம், ஒப்பந்தக்காரரைப் பகைப்பது கஷ்டம். எனவே பயிற்சி மையம் திறக்கப்படுகிறது.

8

நான் சான்று வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்களெல்லாம் அதிகாரத்தின் சூழ்ச்சி, எண்ணுவதே வன்முறை என்று எழுதிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடலாம். சிறுபத்திரிகைச் சூழலில் அப்படி நிறைய எழுதியாயிற்று. ஃபூக்கோவை மேற்கோள் காட்டத் தெரிந்த நம்மில் எத்தனை பேர் ஒரு அரசாணையை முழுதாக வாசித்திருக்கிறோம்? 94.53ஐ வெளியே கொண்டுவந்ததும் எண்ணுகிறவர்கள்தாம். எண் யாருடைய கையில் இருக்கிறது, எதை எண்ணுகிறது என்பதே கேள்வி.

நாம் கேட்க வேண்டிய சான்றுகள் என்று சிலவற்றைச் சொல்லலாம். (1) தொழிற்பயிற்சி நிலையங்களில் பிரிவுவாரியாகச் சாதி, பால் விவரம். (2) பயிற்சி முடித்த மூன்றாம் வருஷத்தில் அவர் கையில் வாங்குகிற கூலி. வேலை கிடைத்தது என்ற ஒற்றை வரி போதாது. (3) பயிலுநர்களுக்கு நேர்ந்த விபத்துகள், கிடைத்த இழப்பீடு. (4) அப்பாவின் தொழிலைவிட்டு வேறு தொழிலுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாதிச் சமூகத்தில் ஒரு தொழிற்கல்வித் திட்டத்தின் வெற்றிக்கு அதைவிடப் பெரிய சான்று இருக்க முடியாது. அந்தக் கட்டத்தைத் தாளில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்தக் கட்டுரையின் சில பகுதிகளைச் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். ஆதாரம், சான்று என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது அவருக்கு விளங்கியதா என்று தெரியாமல், 'சுவர் நேரா நிக்குதுன்னு எப்படிச் சித்தப்பா சொல்லுவீக?' என்று கேட்டேன்.

'தூக்குக்குண்டு போட்டுப் பாப்பேன்.'

'குண்டு பொய் சொல்லாதுல்ல?'

'குண்டு சொல்லாது. நூலப் புடிக்கிற கை ஆடாம இருக்கணும்.'

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: 'அந்தத் தாள்ல என்னைய என்னான்னுப்பா எழுதியிருக்காக?' சொன்னேன். 'பரம்பரையா?' என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும், 'எங்க மாமா இருந்தா அடிச்சிருப்பாக' என்றார். அடுத்த முறை கணக்கெடுக்க வருகிறவர்களிடம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வது என்று எங்கள் தெருவில் இப்போது பேசிவைத்திருக்கிறோம். உங்கள் தெருக்களிலும் பேசலாம்.